பாசறையில் படித்த மாணவர் - சர் தாமஸ் மன்றோ



மாலை நேர வகுப்பில் படித்தவர் என்ற முறையில் ஏதாவது எழுதுங்கள் என்று மலர்க் குழு நண்பர்கள் என்னைக் கேட்டார்கள். என் கதையை எழுதினால் அரைப் பக்கம்கூட வராது. பகலில் வேலை, சாயங்காலம் வகுப்பு, ராத்திரி கடைசி பஸ். அவ்வளவுதான்! நம்மில் பலருக்கும் கதை இதுதானே? சிலர் பட்டாளத்தில் சேர்ந்து, எங்கோ பனிமலை முகாமில் போர்வைக்குள் உட்கார்ந்து அஞ்சல் வழியில் பட்டம் முடித்தார்கள். சிலர் கடல் கடந்து போய், வேலை முடிந்த பிறகு கிடைத்த இரண்டு மணி நேரத்தில் ஒரு மொழியோ ஒரு தொழிலோ கற்றுக்கொண்டார்கள்.

இப்படிப் படித்தவர்களுக்கெல்லாம் முன்னோடி என்று சொல்லத்தக்க ஒருவர், இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு நம்ம சேலம் சீமையிலேயே வாழ்ந்திருக்கிறார். கடல் கடந்து வந்த சிப்பாய் அவர். கல்லூரி கிடையாது, வகுப்பு கிடையாது. பாசறையில் விளக்கு வெளிச்சத்தில் படித்தார். அந்தப் படிப்பு நம் மாவட்டத்தின் நிலத்தையும், நம் பாட்டன் பூட்டன் கட்டிய வரியையும், ஓரளவுக்கு நம் பள்ளிக்கூடங்களையும் தொட்டது. அவர் பெயர் தாமஸ் மன்றோ. சென்னைத் தீவுத்திடல் அருகே சேணமும் அங்கவடியும் இல்லாத குதிரைமேல் சிலையாக உட்கார்ந்திருக்கிறாரே, அவரேதான்.

வெள்ளைக்காரத் துரையின் கதை நமக்கு எதுக்கு என்று சிலர் கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். நானும் அவரைக் கும்பிடச் சொல்லி எழுத வரவில்லை. ஒருவன் படித்த படிப்பு யாருக்குப் பயன்பட வேண்டும் என்ற கேள்விக்கு அவர் வாழ்க்கையில் நல்ல பதிலும் இருக்கிறது, கசப்பான பதிலும் இருக்கிறது. இரண்டையும் பார்க்கலாம் வாங்க.

கடனில் மூழ்கிய வீட்டுப் பிள்ளை

மன்றோ 1761 மே 27 அன்று ஸ்காட்லாந்து நாட்டின் கிளாஸ்கோ நகரில் பிறந்தார். அப்பா புகையிலை வியாபாரி. அமெரிக்காவின் வர்ஜீனியா பகுதியோடு கொடுக்கல் வாங்கல். சின்ன வயசில் வந்த தட்டம்மையால் பையனுக்குக் காது மந்தமாகிவிட்டது. அந்தக் குறை கடைசி வரை தீரவில்லை. இருந்தும் 13 வயதிலேயே கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். கணக்கும் வேதியியலும் பிடித்த பாடங்கள். டான் குவிக்சாட் கதையை மூலத்திலேயே படிக்க வேண்டும் என்பதற்காக அகராதியை வைத்துக்கொண்டு தானாகவே ஸ்பானிய மொழியைக் கற்றுக்கொண்டவர் என்றால் பையனின் ஆர்வத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

16 வயதில் ஒரு வணிக நிறுவனத்தில் கணக்கு எழுதும் வேலைக்குப் போனார். அந்த நேரத்தில்தான் அமெரிக்க விடுதலைப் போர் வந்தது. வர்ஜீனியா வியாபாரம் படுத்தது. அப்பாவின் சொத்து கரைந்தது. நம்ம பக்கம் மழை பொய்த்தாலோ, நூல் விலை ஏறித் தறி நின்றாலோ ஒரு குடும்பம் எப்படி நடுத்தெருவுக்கு வருமோ, அப்படி வந்துவிட்டது அந்தக் குடும்பம். பெரிய வியாபாரியாக வந்திருக்க வேண்டிய பையன், கிழக்கிந்தியக் கம்பெனியின் காலாட்படையில் பயிற்சி வீரனாகச் சேர்ந்தான். கப்பலில் வேலை செய்துகொண்டே வந்து, 1780 ஜனவரி 15 அன்று சென்னையில் இறங்கினான். வயசு 18.

இறங்கியதும் கிடைத்த முதல் பாடம் வேடிக்கையானது. நற்சான்றுக் கடிதங்களோடு ஒரு கிழவர் வேலைக்காரராக வந்து சேர்ந்தார். இந்த ஊர் வெயிலுக்கு இந்தத் துணி ஆகாது, வெள்ளை உடுப்பு தைத்து வருகிறேன் என்று சொல்லி, இருந்த துணியையும் பணத்தையும் வாங்கிக்கொண்டு போனார். போனவர் போனவர்தான்! ஊர் மொழி தெரியாதவன் ஊரில் என்ன பாடுபடுவான் என்பதற்கு இதைவிடப் பாடம் வேறு வேண்டுமா?

தலையணை ஒரு புத்தகம்

வந்த வருஷமே போர். ஹைதர் அலியின் படை கர்நாடகச் சமவெளியில் இறங்கியது. 1780 செப்டம்பரில் காஞ்சிபுரம் அருகே பொள்ளிலூரில் கம்பெனியின் ஒரு படைப்பிரிவே அழிந்தது. அதற்குச் சற்றுத் தூரத்தில் நின்ற இன்னொரு படையில் நம்ம பையன் இருந்தார். அந்தப் படையின் தளபதி பெயரும் மன்றோதான். இவர் வேறு, அவர் வேறு. 1784-ல் உடன்படிக்கை ஏற்படும் வரை சண்டை, நடை, பசி என்றே காலம் போயிற்று.

அந்த நாட்களைப் பற்றி அவர் தம் தங்கைக்கு எழுதிய கடிதம் பிரசித்தம். அதன் சாரத்தை மட்டும் சொல்கிறேன். இந்தியாவுக்கு வந்து மூன்று வருஷம் வரைக்கும் அவருக்குத் தலையணை என்பது ஒரு புத்தகம், இல்லாவிட்டால் தோட்டாப் பை. கட்டில் என்பது நாலு குச்சியில் இழுத்துக் கட்டிய கித்தான் துணி. வேலூரில் குடியிருந்த வீட்டில் எழுதுவதற்கு ஒரு மேசையும் ஒரே ஒரு நாற்காலியும். இந்தியாவில் இருக்கிற அண்ணன் பொன்னிலும் வெள்ளியிலும் புரளுகிறான் என்று வீட்டில் நினைத்துக்கொண்டிருப்பார்கள் அல்லவா? அந்த நினைப்பைக் கலைக்கத்தான் இந்தக் கடிதம். சவுதியிலும் மலேசியாவிலும் வேலை பார்த்த நம் நண்பர்களுக்கு இது நல்லாவே புரியும். இதற்கு நடுவில் இந்தியாவிலேயே இருந்த சகோதரனோடு சேர்ந்து பெற்றோருக்குப் பணமும் அனுப்பிக்கொண்டிருந்தார்.

சண்டை ஓய்ந்ததும் படை பாசறைகளில் முடங்கியது. காலையில் அணிவகுப்பு, பிறகு காவல். மீதி நேரம் சும்மா இருப்பதுதான். அன்றைய இளம் அதிகாரிகளில் பலர் அந்த நேரத்தைக் குடியிலும் சீட்டாட்டத்திலும் கழித்தார்கள், கடனாளியாகவும் ஆனார்கள். மன்றோ பாரசீகத்தையும் இந்துஸ்தானியையும் கையில் எடுத்தார்.

அப்போது இதற்கென்று கல்லூரி ஏதும் இல்லை என்பதை நினைவில் வையுங்கள். கல்கத்தாவில் வில்லியம் கோட்டைக் கல்லூரி 1800-ல்தான் வந்தது. சென்னையில் எல்லிஸ் துரை முன்னின்று அமைத்த புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி 1812-ல்தான் வந்தது. அதற்கு முன்பெல்லாம் படிக்க வேண்டும் என்று நினைத்தவன் முன்ஷி என்ற ஆசிரியரைச் சொந்தச் சம்பளத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பாட நூல் குறைவு. படிக்கச் சொல்லி மேலிடம் கட்டாயப்படுத்துவதும் இல்லை. தேர்வு இல்லை, சான்றிதழ் இல்லை. காது மந்தமான ஒருவர் பிற மொழியின் ஒலியைக் கேட்டுப் பழகுவது எவ்வளவு சிரமம் என்பதையும் யோசித்துப் பாருங்கள்.

அவர் செய்த வீட்டுப்பாடம் ஒன்று அச்சாகவே வந்திருக்கிறது. தஞ்சாவூர்ப் பாசறையில் இருந்தபோது ஒரு பாரசீகக் கையெழுத்துப் பிரதியில் ஒரு கதையைப் பார்த்தார். கடனுக்கு ஈடாக உடம்புச் சதையைக் கேட்கும் கடன்காரனின் கதை. ஷேக்ஸ்பியரின் வெனிஸ் வணிகனில் ஷைலக் கேட்பானே, அதே மாதிரி. மன்றோ அதை ஆங்கிலத்தில் பெயர்த்து அனுப்பினார். 1790-ல் மலோன் என்ற அறிஞர் வெளியிட்ட ஷேக்ஸ்பியர் பதிப்பில் அது சேர்க்கப்பட்டது. தஞ்சாவூர் முகாமில் ஒரு சிறிய அதிகாரி படித்த படிப்பு லண்டனில் புத்தகம் ஏறிவிட்டது!

படிப்பு திறந்த கதவு

1788-ல் அந்தப் படிப்புக்குப் பலன் கிடைத்தது. ஆம்பூரில் கேப்டன் அலெக்சாண்டர் ரீடு என்பவரின் கீழ் ஒரு உளவுத் துறை இருந்தது. எதிரி நாட்டின் பாதை, விளைச்சல், படை எல்லாவற்றையும் ஆட்களிடம் பேசிப் பேசித் திரட்டும் வேலை. உள்நாட்டு மொழி தெரிந்தவன் மட்டுமே செய்யக்கூடிய வேலை. மன்றோ அங்கே உதவியாளர் ஆனார்.

1790 முதல் 1792 வரை மூன்றாம் மைசூர்ப் போர். முடிவில் திப்பு சுல்தான் தம் நாட்டில் பாதியை விட்டுக்கொடுக்க நேர்ந்தது. சேலமும் பாரமகாலும் கம்பெனியின் கைக்கு வந்தன. பாரமகால் என்றால் இன்றைய கிருஷ்ணகிரி, தர்மபுரி, திருப்பத்தூர்ப் பக்கம். தொப்பூர் கணவாய்க்குத் தெற்கே இறங்கினால் சேலம், ராசிபுரம், நாமக்கல், திருச்செங்கோடு சமவெளி. இதை யார் நிர்வாகம் செய்வது? வழக்கமாகச் சென்னையிலுள்ள சிவில் அதிகாரிகளைத்தான் அனுப்ப வேண்டும். ஆனால் அவர்களில் ஊர் மொழி தெரிந்தவர்கள் மிகக் குறைவு. துபாஷியின் வாயைப் பார்த்தே காலம் தள்ளுகிறவர்கள். ஆகவே கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ், ரீடையும் அவர் கீழிருந்த மூன்று படை அதிகாரிகளையும் நியமித்தார். கிரகாம் வடக்கே கிருஷ்ணகிரிப் பக்கம். மக்லவுட் தெற்கே சேலம், நாமக்கல் சமவெளி. மன்றோ நடுவில் தர்மபுரி.

மாணவத் தம்பிகள் இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். சிபாரிசோ, குலமோ, பணமோ இல்லாத அந்த வாலிபருக்கு இந்தப் பதவி வந்தது மொழியால். அந்த மொழி வந்தது, மற்றவர்கள் வீணாக்கிய மாலை நேரத்தால்.

தர்மபுரியில் ஏழு வருஷம்

1792 முதல் 1799 வரை மன்றோ நம்ம சீமையில் இருந்தார். இதுவரை பாசறையில் படித்தது முதல் வகுப்பு என்றால், இது உயர் வகுப்பு. இப்போது ஆசிரியர்கள் முன்ஷிகள் இல்லை. குடியானவர்கள், கர்ணங்கள், மணியக்காரர்கள். கூடாரத்தோடு ஊர் ஊராகப் போவார். விடிந்ததிலிருந்து இருட்டும் வரை சுற்றிலும் ஜனக் கூட்டம். இந்தக் காடு யாருடையது, கேழ்வரகு எவ்வளவு காணும், கம்பு எவ்வளவு காணும், கிணற்றில் எத்தனை மாசம் தண்ணீர் நிற்கும், போன ஆட்சியில் எவ்வளவு கட்டினாய் என்று கேட்டுக் கேட்டு எழுத வேண்டும். வயல் வயலாகச் சங்கிலி பிடித்து அளக்க வேண்டும்.

இதிலிருந்துதான் ரயத்துவாரி முறை உருவாயிற்று. ரயத்து என்றால் குடியானவன். நடுவில் ஜமீன்தாரோ குத்தகைக்காரரோ இல்லாமல், ஒவ்வொரு குடியானவனுக்கும் அவன் பேரிலேயே பட்டா. அவன் நேராக சர்க்காருக்குத் தீர்வை கட்டுவான். முதலில் பல வருஷக் குத்தகையாக வைக்கலாம் என்றுதான் நினைத்தார்கள். வானம் பார்த்த பூமியில் அது ஒத்துவரவில்லை. ஒரு வருஷம் மழை பெய்யும், மறு வருஷம் பொய்க்கும். முடியாத நிலத்தைக் குடியானவன் அந்தந்த வருஷமே விட்டுவிடலாம் என்று 1796-ல் ரீடு ஆணை வெளியிட்டார். இன்றும் தாலுகா அலுவலகத்தில் வருஷா வருஷம் ஜமாபந்தி நடக்கிறதே, நம் வீட்டு டிரங்குப் பெட்டியில் பட்டாக் காகிதம் மடித்து வைத்திருக்கிறோமே, இதற்கெல்லாம் அந்தக் கூடாரங்களோடு தொடர்பு உண்டு.

இந்த முறையை முதலில் வகுத்த பெருமை ரீடுக்கு. அதைக் கடைசி வரை விடாமல் பிடித்துக்கொண்டு நாடு முழுக்கக் கொண்டுபோன பெருமை மன்றோவுக்கு. தர்மபுரியில் அவர் ஒரு தோட்டம் போட்டு ஆசையாய் வளர்த்தார். 1799-ல் கன்னடக் கடற்கரைக்கு மாற்றினார்கள். ஓயாத மழையில் அங்கே உட்கார்ந்துகொண்டு, இந்த வறண்ட பாரமகாலையும் அந்தத் தோட்டத்தையும் நினைத்து ஏங்கிக் கடிதம் எழுதினார்.

கசப்பான பக்கம்

இதோடு நிறுத்தினால் இது துதிபாடும் கட்டுரையாகிவிடும். உண்மையையும் சொல்ல வேண்டும்.

அவர் குடியானவனிடம் உட்கார்ந்து கேட்டதெல்லாம் எதற்காக? கம்பெனிக்கு எவ்வளவு வரி வசூலிக்கலாம் என்று கணக்குப் போடுவதற்காக. மொழி தெரிந்த அதிகாரியிடம் விளைச்சலை மறைக்க முடியாது. தீர்வை கடுமையாகத்தான் இருந்தது. 1800 முதல் 1807 வரை கடப்பை, பெல்லாரி பக்கத்தில் அவர் ஆட்சி செய்தபோது விளைச்சலில் ஏறக்குறைய பாதி தீர்வையாகப் போயிற்று. அங்கிருந்த பாளையக்காரர்களைப் படை கொண்டு அடக்கியவரும் அவரே. நாட்டைக் கம்பெனிக்கு உறுதிப்படுத்தித் தருவதுதான் அவர் உத்தியோகம். அதில் அவர் குறை வைக்கவில்லை.

ஆனால் ஒன்று உண்டு. மக்களோடு பேசத் தெரிந்தவருக்கு அவர்கள் கஷ்டமும் காதில் விழுந்தது, மந்தமான காதாக இருந்தாலும்! தாம் போட்ட தீர்வை அதிகம், கால் பங்கு குறைக்க வேண்டும் என்று 1807-ல் அவரே மேலிடத்துக்கு எழுதினார். உடனே ஏற்கவில்லை. இதற்கிடையில் நம்ம சேலத்தில் 1802-க்குப் பிறகு காற்று திசை மாறிவிட்டது. ரயத்துவாரியை எடுத்துவிட்டு, நிலத்தை 200-க்கும் மேற்பட்ட மிட்டாக்களாகப் பிரித்து ஏலம் விட்டார்கள். நம்ம பக்கத்துப் பெரியவர்கள் வாயில் மிட்டா, மிட்டாதார் என்ற சொல் இன்னும் புழங்குவது அதனால்தான். ஏலம் எடுத்த பலர் தவணை கட்ட முடியாமல் நொடித்துப்போனார்கள். குடியானவன் பாடு திண்டாட்டம். வயல் வயலாகப் போய்க் கற்ற பாடத்தை, கல்கத்தாவில் மேசைமேல் எழுதிய திட்டம் தள்ளி வைத்தது. மன்றோ இங்கிலாந்துக்குப் போயும் இதற்காக வாதாடினார். 1813-ல் நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சி சொன்னபோது, இந்திய ஊர்கள் தோறும் பள்ளிக்கூடம் இருப்பதையும், நாகரிகத்தில் இந்த மக்கள் யாருக்கும் குறைந்தவர்கள் அல்லர் என்பதையும் எடுத்துச் சொன்னார். கம்பெனியில் சம்பளம் வாங்கும் ஒருவர் அந்தச் சபையில் அப்படிப் பேசியது சாதாரணமல்ல.

மாணவர் கவர்னரான கதை

1820-ல் மன்றோ சென்னை மாகாணத்தின் கவர்னர் ஆனார். கோட்டையில் உட்கார்ந்ததும் அவர் செய்த ஒரு காரியம்தான் கல்லூரி மலரில் அவரைப் பற்றி எழுத எனக்குத் துணிச்சல் தந்தது. 1822 ஜூன் 25 அன்று, ஒவ்வொரு ஜில்லாவிலும் எத்தனை பள்ளி, எத்தனை பிள்ளைகள், எந்தெந்தச் சாதியார், என்ன பாடம், வாத்தியாருக்கு என்ன வருமானம் என்று கணக்கெடுக்கச் சொல்லிக் குறிப்பு எழுதினார். கலெக்டர்கள் அனுப்பிய விவரங்களைத் தொகுத்து 1826 மார்ச்சில் தம் கருத்தை எழுதினார்.

கணக்கு என்ன சொல்லிற்று? சுமார் 1 கோடியே 28 லட்சம் மக்கள் தொகையில் 12,498 பள்ளிகள். படித்த பிள்ளைகள் சுமார் 1 லட்சத்து 88 ஆயிரம். மொத்த மக்களில் 67 பேருக்கு ஒருவர். பள்ளி வயது ஆண் பிள்ளைகளை மட்டும் எடுத்து, வீட்டில் படிப்பவர்களையும் சேர்த்தால் மூன்றில் ஒரு பங்கு வரலாம் என்று மன்றோ மதிப்பிட்டார். சேலம் உள்ளிட்ட தமிழ்ப் பகுதிகளில் படித்தவர்களில் பெரும்பாலோர் சூத்திரர் என்று அன்று பதிவான உழைக்கும் சாதிகளின் பிள்ளைகள். பெண் பிள்ளைகள் மிகச் சொற்பம். தீண்டாமைக் கொடுமைக்கு ஆளானவர்களின் குழந்தைகளுக்குத் திண்ணைப் பள்ளியின் படி பெரும்பாலும் எட்டாத படிதான். இதையும் நாம் மறக்கக்கூடாது.

படிப்பு தாழ்ந்து கிடப்பதற்கு மன்றோ கண்ட காரணம் இன்றைக்கும் உறைக்கும். பெற்றோரிடம் காசில்லை, வாத்தியாருக்குப் போதிய சம்பளம் இல்லை. திண்ணைப் பள்ளி வாத்தியார் மாசம் ஆறு ஏழு ரூபாய்க்கு மேல் காண்பதில்லை. ஆகவே ஜில்லாவுக்கு இரண்டு பெரிய பள்ளி, தாலுகாவுக்கு ஒரு பள்ளி, அங்கே 15 ரூபாய், இங்கே 9 ரூபாய் சம்பளம், ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கச் சென்னையில் ஒரு மையப் பள்ளி என்று திட்டம் போட்டார். ஆண்டுக்குச் சுமார் அரை லட்சம் ரூபாய் செலவு. கொஞ்சம் கொஞ்சமாக இந்நாட்டவர்க்கே உயர்ந்த உத்தியோகங்களைத் திறந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் படிப்பு வளராது, மனிதனின் தன்மானமும் வளராது என்பது அவர் 1824-ல் எழுதிய நீண்ட குறிப்பின் கருத்து.

தம் சொந்தக் கண்ணால் அந்தப் பள்ளிகள் தழைப்பதைப் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. ஊருக்குத் திரும்பப் போகும் நேரம். தாம் முன்பு ஆண்ட ஆந்திரப் பகுதிகளைக் கடைசியாக ஒருமுறை பார்த்துவிட்டு வரலாம் என்று புறப்பட்டார். அங்கே காலரா. 1827 ஜூலை 6 அன்று பத்திகொண்டாவில் காலமானார். கூத்தியில் அடக்கம் செய்து, பிறகு 1831-ல் சென்னைக் கோட்டையிலுள்ள புனித மேரி ஆலயத்துக்குக் கொண்டுவந்தார்கள். அந்தப் பக்கத்து மக்கள் பிள்ளைகளுக்கு அவர் பேரை வைத்தார்கள். திருமலைக் கோயிலில் மன்றோ கங்காளம் என்று ஒரு பாத்திரத்துக்கே பேர். மந்திராலயத்தில் ராகவேந்திரர் அவருக்குக் காட்சி தந்தார் என்ற கதையும் பக்தர்களிடையே வழங்குகிறது. சென்னையில் சிலை எழுந்தது 1839-ல்.

சிலை நின்றது, திட்டம் நிற்கவில்லை

நான் சொல்ல வந்த விஷயம் இங்கேதான் இருக்கிறது. சிலை வருவதற்கு முன்பே, 1836-ல், அவர் தொடங்கிவைத்த ஜில்லாப் பள்ளிகளையும் தாலுகாப் பள்ளிகளையும் மூடிவிட்டார்கள். பத்தே வருஷம். பள்ளிகளில் குறை இருந்தது உண்மை. தேறிய வாத்தியார்கள் கிடைக்கவில்லை, மேற்பார்வை சரியில்லை. அதற்கு மருந்து தேடுவதற்குப் பதில் இழுத்து மூடியதுதான் நடந்தது. அரசாங்கத்தின் கவனம் ஒரு சிலருக்கு ஆங்கில வழி உயர் கல்வி தருவதன் பக்கம் திரும்பிவிட்டது. ஊர்ப்புறத்துப் பிள்ளையின் படிப்பைத் தம் காரியமாக நினைத்தவர் ஒருவர். அவர் போனதும் அது யாருடைய காரியமும் இல்லாமல் போயிற்று. ராசிபுரத்திலும் நாமக்கல்லிலும் ஏழைக் குடியானவன் பிள்ளை கல்லூரிப் படி ஏற அதற்கப்புறம் எத்தனை தலைமுறை காத்திருக்க வேண்டியதாயிற்று! நம்மில் பெரும்பாலோர் நம் குடும்பத்தில் முதல் பட்டதாரிகள். அந்தக் காத்திருப்பின் நீளம் நமக்குத் தெரியும்.

மன்றோவின் வாழ்க்கையிலிருந்து இப்போதுள்ள மாணவர்களுக்கு மூன்று விஷயம் சொல்வேன். ஒன்று, நேரம் இல்லை என்று சொல்லாதீர்கள். பகலில் சண்டை போட்டவருக்குச் சாயங்காலம் பாரசீகம் படிக்க நேரம் கிடைத்தது. பார்ட் டைம் வேலை பார்த்துக்கொண்டு படிக்கிற தம்பி தங்கைகள் அதை ஒரு தாழ்வாக நினைக்கவே வேண்டாம். இரண்டு, போகிற ஊரின் மொழியைக் கற்றுக்கொள்ளுங்கள். பெங்களூர் போனாலும் சரி, ஜெர்மனி போனாலும் சரி, துபாஷியை நம்பியிருப்பவன் என்றைக்கும் இன்னொருவன் கையில்தான். மூன்று, கற்பித்தவர்களை மறக்காதீர்கள். மன்றோவுக்கு வருவாய் நிர்வாகம் கற்பித்தது எழுதப் படிக்கத் தெரியாத நம்ம குடியானவர்கள். அவர்கள் பேர் எந்தச் சிலையின் அடியிலும் இல்லை. நம் படிப்புக்கும் அப்படிப் பேர் தெரியாத ஆசிரியர்கள் உண்டு. வயலை விற்றவர்கள், நகையை அடகு வைத்தவர்கள், பஸ்ஸில் பாஸை மறந்த நாளில் சிரித்துக்கொண்டே ஏற்றிக்கொண்ட நடத்துனர்கள்.

முன்னாள் மாணவ நண்பர்களுக்குச் சொல்ல ஒன்றே ஒன்று. நம் சங்கத்தில் ஏழை மாணவர் உதவி என்று பேச்சு வரும்போதெல்லாம், யாராவது ஒரு தாராள மனசுக்காரர் எழுந்து இந்த வருஷம் நான் தருகிறேன் என்பார். கைதட்டுவோம். அவர் உடம்பு முடியாமல் போனாலோ, வெளியூர் போய்விட்டாலோ, அடுத்த வருஷம் அது நின்றுபோகும். கவர்னர் மன்றோவாலேயே தனி ஆளாக ஒரு காரியத்தைத் தமக்குப் பின்னும் நிற்க வைக்க முடியவில்லை என்றால் நாம் எம்மாத்திரம்? ஆகவே ஆளை நம்பாத ஒரு நிரந்தர நிதி வேண்டும். ஆளுக்கு ஒரு நூறு ரூபாயானாலும் எல்லோர் பேரும் அதில் இருக்க வேண்டும். வங்கியில் வைப்பாகப் போட்டு, வட்டியில் மட்டும் கட்டணம் கட்ட வேண்டும். முதலில் மாலை நேரத்தில் வேலை பார்த்துக்கொண்டு படிக்கும் பிள்ளைகளுக்கு. இந்தச் சந்திப்பின் பொதுக்குழுவில் இதை ஒரு தீர்மானமாக முன்வைக்க இருக்கிறேன். வழிமொழிய நீங்கள் கை தூக்க வேண்டும் என்று அன்போடு கேட்டுக்கொள்கிறேன்.

வாழ்க நம் கல்லூரி! வளர்க நம் பிள்ளைகள்!